சுக்கான்காட்டில் பூக்காத மல்லி

"ஊர்ல ரெண்டு ஏக்கர் சும்மா கெடக்கு. என்ன போடலாம்?"

சில வருடங்களாக எனக்கு அதிகம் வரும் தொலைபேசி விசாரிப்பு இதுதான். சென்னையிலிருந்து கேட்கிறார்கள், பெங்களூரிலிருந்து கேட்கிறார்கள், சிங்கப்பூரிலிருந்தும் கேட்கிறார்கள். கேட்கும்போதே கையில் ஒரு பட்டியல் இருக்கும்: மல்லி, முருங்கை, எலுமிச்சை, டிராகன் பழம், செம்மரம். எதில் லாபம் என்பது அடுத்த கேள்வி.

நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று. "ஒரு முழம் தோண்டினா என்ன வருது?" பெரும்பாலும் பதில் வராது. பட்டா எண் தெரியும், செண்ட் என்ன விலைக்குப் போகிறது என்று தெரியும், ஒரு முழத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. எட்டு வருடத்துக்கு முன்னால் எனக்கும் தெரியாது. அந்தக் கேள்வியை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் நிலம் திருமங்கலத்துக்கும் தே.கல்லுப்பட்டிக்கும் நடுவில் இருக்கிறது. மொத்தம் நாலேகால் ஏக்கர். தாத்தா காலத்தில் அதற்கு ஒரே பெயர் கிடையாது. கிணற்றை ஒட்டிய மேட்டுப் பகுதி 'செவக்காடு'. நடுவில் தாழ்ந்து கிடப்பது 'கரிசக்காடு'. தெற்கே வண்டிப்பாதை ஓரம் கிடக்கும் 85 செண்ட் 'சுக்கான்காடு'. "சுக்கான்காட்டுல மாட்டைக் கட்டிட்டு வா" என்று பாட்டி சொல்லும்போது, அது ஏதோ அடையாளத்துக்கு வைத்த பெயர் என்று நினைத்திருந்தேன். தெருவுக்குப் பெயர் வைப்பது போல.

அப்பா போன பிறகு நிலம் என் பொறுப்புக்கு வந்தது. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் முகூர்த்த நாட்களில் விலை எங்கே போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம். சொட்டுநீர்க் குழாய் இழுக்க வசதியாகவும், பாதைக்குப் பக்கமாகவும் இருந்த சுக்கான்காட்டில் 60 செண்ட் ஒதுக்கி, ராமநாதபுரம் மாவட்டம் தங்கச்சிமடத்திலிருந்து கன்று கொண்டுவந்து நட்டேன். ஒன்றேகால் மீட்டர் இடைவெளியில் ஏறக்குறைய 1,500 கன்றுகள். குழிக்கு எரு போட்டேன், நேரத்துக்குத் தண்ணீர் விட்டேன்.

முதல் ஆறு மாதம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கொழுந்து இலைகள் மஞ்சளாக ஆரம்பித்தன. நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும், நடுவில் எல்லாம் வெளுத்துப் போகும். உரக்கடையில் யூரியா கொடுத்தார்கள். அடுத்த மாதம் நுண்ணூட்டக் கலவை. அதற்கடுத்து ஏதோ ஒரு டானிக். இரண்டு வருடம் இப்படியே போனது. செடி சாகவும் இல்லை, பூக்கவும் இல்லை. பூ பறிக்க வரும் அக்காமார் கூலிக்கே கட்டாது என்று வருவதை நிறுத்திவிட்டார்கள்.

ஒருநாள் பெரியப்பா வந்து வரப்பில் நின்று பார்த்தார்.

"யாருய்யா இங்க மல்லி வைக்கச் சொன்னது?"

"நானாத்தான் வச்சேன் பெரியப்பா. பாதைக்குப் பக்கமா இருக்கேன்னு."

"சுக்கான்காடுன்னு பேரு வச்சதே எதுக்கு? ஒரு முழத்துக்குக் கீழ பூராம் சுக்காங்கல்லு. மல்லி வேரு அதைத் தாண்டி எங்கிட்டுப் போகும்?"

அன்றைக்கே கடப்பாரை எடுத்துக் குழி போட்டோம். முக்கால் அடி வரைக்கும் பார்க்க நல்ல மண். அதற்குக் கீழே வெள்ளை வெள்ளையாக உருண்டைக் கற்கள், இன்னும் கீழே போனால் கடப்பாரை துள்ளியது. மல்லியின் வேர் அந்தச் சுண்ணாம்புப் படுகையைத் தொட்ட இடத்தில் பக்கவாட்டில் மடங்கிப் படர்ந்திருந்தது. அந்த வேரைக் கையில் பிடித்தபோதுதான் தாத்தா வைத்த மூன்று பெயர்களும் ஒரு வரைபடம் என்று புரிந்தது. எழுதி வைக்காத மண் வரைபடம். நான் அதைப் படிக்காமல் 1,500 கன்று நட்டிருந்தேன்.

மண் மாதிரியைப் பரிசோதனைக்குக் கொடுத்ததில் கார அமில நிலை 8.4 வந்தது, சுண்ணாம்பு அதிகம் என்று குறித்திருந்தார்கள். அந்த அளவு காரமும் சுண்ணாம்பும் உள்ள மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் வேரால் எடுக்க முடியாத வடிவத்துக்குப் போய்விடும். நரம்பு பச்சையும் இலை மஞ்சளுமாக இருந்தது இரும்புப் பற்றாக்குறையின் அடையாளம். லிட்டருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட் கரைத்து மாதாமாதம் இலையில் தெளித்தால் பச்சை திரும்பும். தெளித்தேன், திரும்பியது. ஆனால் ஒவ்வொரு மாதமும் தெளிக்க வேண்டும். கீழே இருக்கும் சுண்ணாம்புப் படுகை எங்கேயும் போகாது. ஆயுள் முழுக்க மருந்து சாப்பிடும் ஆளைப் போல ஒரு தோட்டத்தை வைத்திருக்க முடியாது. மூன்றாம் வருடம் மல்லியைப் பிடுங்கிவிட்டேன்.

ஒரே மாவட்டம், எத்தனை மண்

அதற்குப் பிறகு மதுரையைச் சுற்றி எங்கே போனாலும் என் கண் சாலையோர வெட்டுகளில்தான் நிற்கிறது. பாலம் கட்ட, குழாய் பதிக்கத் தோண்டிய இடங்களில் மண் தன் கதையை அடுக்கடுக்காகக் காட்டும்.

வைகைக் கரையில் சோழவந்தான் பக்கம் போனால் ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல். அதனால்தான் அங்கே கொடிக்கால். அகத்தியை நட்டு அதில் வெற்றிலைக் கொடியை ஏற்றுகிறார்கள். வெற்றிலைக்கு எப்போதும் ஈரம் வேண்டும், ஆனால் காலடியில் தண்ணீர் நிற்கக்கூடாது. இரண்டையும் ஒன்றாகத் தரக்கூடிய மண் எல்லா இடத்திலும் கிடைக்காது. சோழவந்தான் வெற்றிலைக்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீட்டில் பாதி அங்குள்ள மண்ணுக்குச் சேர வேண்டியது என்பேன்.

கிழக்கே ஒத்தக்கடை தாண்டி மேலூர், கொட்டாம்பட்டி என்று போனால் செம்மண். மேற்கே உசிலம்பட்டிப் பக்கமும் பெரும்பாலும் செவல்தான், சில இடங்களில் சரளை. தெற்கே திருமங்கலம் தாண்டியதும் நிலம் கறுக்கத் தொடங்கும். கள்ளிக்குடி, தே.கல்லுப்பட்டி, பேரையூர் எல்லாம் கரிசல் பூமி. பருத்தி, சோளம், உளுந்து, மக்காச்சோளம், குதிரைவாலி விளையும் பூமி. கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழை பெய்தால் வெடிப்பு மூடி ஊதிப் பெருக்கும். கரிசலில் இருக்கும் களிமண் தண்ணீரைத் தன் அடுக்குகளுக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும் வகை. அதனால்தான் மழை நின்று வாரக்கணக்கானாலும் பருத்தி அங்கே வாடாமல் நிற்கிறது. அதே காரணத்தால்தான் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மல்லியின் வேர் அங்கே மூச்சுமுட்டி அழுகுகிறது.

நிலக்கடலையைப் பாருங்கள். பூவிலிருந்து விழுது இறங்கி மண்ணுக்குள் போய்த்தான் காய்க்கிறது. செவலில் அது சுலபமாக இறங்கும், அறுவடையில் செடியைப் பிடித்து இழுத்தால் காயோடு வரும். காய்ந்த கரிசலில் இழுத்தால் செடி கையில் வரும், காய் மண்ணில் நிற்கும். இதில் எந்த மண்ணையும் உயர்த்தியோ தாழ்த்தியோ சொல்ல முடியாது.

எங்கள் நிலத்தில் செவலும் கரிசலும் நூறு அடி இடைவெளியில் எப்படி வந்தன என்பது எனக்கு நெடுநாள் புதிராக இருந்தது. கீழே இருக்கும் பாறை ஒன்றுதானே? 1880களில் ரஷ்யாவில் டோகுச்சாயெவ் என்ற அறிஞர் கருமண் நிலங்களை ஆராய்ந்து, மண் என்பது உடைந்த பாறை மட்டும் அல்ல, பாறையோடு தட்பவெப்பமும் உயிர்களும் நிலத்தின் சரிவும் காலமும் சேர்ந்து செய்த பொருள் என்று நிறுவினார். 1930களில் கிழக்கு ஆப்பிரிக்காவில் மண் வரைபடம் போட்ட மில்ன், மேட்டிலிருந்து பள்ளம் வரை மண் ஒரு சங்கிலிபோல மாறிக்கொண்டே வருவதைக் கண்டார். மேட்டில் நீர் வடிகிறது, இரும்பு துருப்பிடித்துச் சிவப்பாக நிற்கிறது. அங்கிருந்து கரைந்து வரும் சுண்ணாம்பும் நுண்களியும் பள்ளத்தில் சேர்கின்றன, அங்கே மண் கறுக்கிறது. எங்கள் செவக்காடு, கரிசக்காடு, சுக்கான்காடு மூன்றும் அந்தச் சங்கிலியின் கண்ணிகள். கிணறு ஏன் மேட்டோரம் வெட்டப்பட்டது, களம் ஏன் அங்கே இருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் புரிந்தது.

வரி போடப் பிறந்த வரைபடம்

நம் நிலத்துக்கு ஏற்கெனவே ஒரு மண் வகைப்பாடு அரசுப் பதிவேட்டில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கிராமத்து 'அ' பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். உங்கள் புல எண்ணுக்கு நேரே 'மண் வயனமும் ரகமும்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 8-3 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் மண் எந்த வகை என்பதைச் சொல்கிறது. அடுத்த எண் அந்த வகைக்குள் அது எவ்வளவு தரம் என்பதைச் சொல்கிறது. பக்கத்திலேயே தீர்வை.

இது 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், ரயத்துவாரி முறையில் ஆங்கிலேய அரசு செய்த நில அளவை, தீர்வை நிர்ணயத்தின் எச்சம். கரிசலா செவலா, களியா மணலா என்று பார்த்து வகைப்படுத்தினார்கள். எதற்காக? எவ்வளவு வரி வாங்கலாம் என்று தெரிந்துகொள்வதற்காக. இதில் என்ன விதைத்தால் குடியானவன் பிழைப்பான் என்பது அவர்கள் கேள்வி அல்ல. ஆனாலும் புலம் புலமாக மண்ணைப் பார்த்து எழுதிய பதிவு அது. எங்கள் மூன்று துண்டுகளுக்கும் மூன்று வேறு எண்கள் அதில் இருந்தன. அரசாங்கத்துக்குத் தெரிந்திருந்தது, தாத்தாவுக்குத் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும் தெரியவில்லை.

1895இல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து வைகைக்கு வந்தபோது இந்தப் பக்கத்தின் கணக்கே மாறியது. பேரணையிலிருந்து கிளம்பும் கால்வாயில் கள்ளந்திரி வரை சுமார் 45,000 ஏக்கர் இருபோகம், அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் சுமார் 85,000 ஏக்கர் ஒருபோகம். வானம் பார்த்துக் கிடந்த செம்மண் பூமி நெல் வயலானது. அந்தத் தண்ணீர் லட்சக்கணக்கான வயிற்றை நிரப்பியிருக்கிறது, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் மணல் கலந்த செம்மண் தண்ணீரை நிறுத்தாது, கீழே விட்டுக்கொண்டே இருக்கும். கரிசலிலோ களிமண் வயலிலோ ஒரு தடவை கட்டினால் நிற்கும் தண்ணீரை, அங்கே அடிக்கடி கட்ட வேண்டும். கால்வாய் நிறைய ஓடும் வருடத்தில் மண்ணை யாரும் நினைப்பதில்லை. கடைமடைக்குத் தண்ணீர் வராத வருடத்தில்தான், இந்த மண்ணில் நெல்லைத் தவிர வேறு என்ன வரும் என்ற கேள்வி எழுகிறது. அதற்குள் நாற்றங்கால் காய்ந்திருக்கும்.

அட்டை சொல்வதும் சொல்லாததும்

2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தானின் சூரத்கரில் மண்வள அட்டைத் திட்டத்தைப் பிரதமர் தொடங்கி வைத்தார். எங்களுக்கும் ஓர் அட்டை வந்தது. அதில் 12 விவரங்கள்: தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பு நிலை, கரிமம். எந்தப் பயிருக்கு எவ்வளவு உரம் என்ற பரிந்துரையும் உண்டு. நல்ல திட்டம். கண்ணை மூடிக்கொண்டு யூரியா கொட்டும் பழக்கத்தை நிறுத்த அது ஒன்றுதான் கையில் இருக்கும் ஆயுதம்.

ஆனால் அதை வைத்துப் பயிரைத் தேர்ந்தெடுக்கப் போனால் இரண்டு இடத்தில் சறுக்கும்.

முதலாவது, அளவு. தொடக்கச் சுற்றுகளில் பாசன நிலத்தில் இரண்டரை எக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 எக்டேருக்கு ஒரு மாதிரி என்று கட்டம் போட்டு எடுத்தார்கள். 10 எக்டேர் என்பது ஏறக்குறைய 25 ஏக்கர். 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்றின் சராசரி அளவு 0.75 எக்டேர். அப்படியானால் ஒரே மாதிரி மண் பதின்மூன்று பேர் நிலத்துக்குப் பதில் சொல்கிறது. எங்கள் நாலேகால் ஏக்கருக்குள்ளேயே மூன்று மண் இருக்கிறது. 25 ஏக்கருக்குள் எத்தனை இருக்கும்? பிறகு 2019-20இல் மாதிரி கிராமங்களைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொருவர் நிலத்திலும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தார்கள். அந்த வழிதான் சரி.

இடையில் உள்ள இடங்களைக் கணினி கணக்குப் போட்டு நிரப்பும் முறை ஒன்றும் உண்டு. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கப் பொறியாளர் டேனி கிரிகே 1951இல் எழுதிய ஆய்விலிருந்து வளர்ந்தது. சில துளைகளில் கிடைத்த தங்கத்தின் அளவை வைத்து, துளையிடாத இடத்தில் எவ்வளவு இருக்கும் என்று கணிக்கும் கலை. இன்று உலகம் முழுக்க மண் வரைபடங்களுக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். மண் படிப்படியாக மாறும் இடத்தில் அது அருமையாக வேலை செய்யும். ஒரு வரப்பைத் தாண்டினால் சிவப்பு கறுப்பாகும் எங்கள் ஊரில், மாதிரிகள் நெருக்கமாக இல்லையென்றால் அந்த வரப்பு அழிந்து இரண்டும் கலந்த ஒரு பொய் மண் வரைபடத்தில் வந்து உட்கார்ந்துவிடும்.

இரண்டாவது சறுக்கல் இதைவிடப் பெரியது. அட்டையில் உள்ள 12 விவரங்களும் மேல்மண்ணின் ரசாயனம். மண் எவ்வளவு ஆழம், கீழே பாறையா சுக்கானா களியா, தண்ணீர் வடியுமா நிற்குமா என்று அதில் இல்லை. என் மல்லியைத் தோற்கடித்தது முக்கால் அடிக்குக் கீழே இருந்த விஷயம். அரையடி ஆழத்தில் எடுத்த மண் அதைப் பற்றி என்ன சொல்லும்?

மாற்ற முடிந்ததும் முடியாததும்

இந்த எட்டு வருடத்தில் நான் கற்ற ஒரே பாடத்தைச் சொல்கிறேன். மண்ணின் குறைகள் இரண்டு வகை. தழைச்சத்து குறைவு, துத்தநாகம் குறைவு, கரிமம் குறைவு என்பவை மாற்றக் கூடியவை. ஆழம், சுக்கான் படுகை, மணலா களியா என்ற தன்மை, சரிவு ஆகியவை நம் ஆயுளில் மாற்ற முடியாதவை. மாற்ற முடிந்ததற்கு உரம். மாற்ற முடியாததற்குப் பயிர். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதுதான் நான் செய்த தவறு. மாற்ற முடியாத சுண்ணாம்பை உரத்தால் மாற்றப் பார்த்தேன்.

உலக உணவு, வேளாண் நிறுவனம் 1976இல் வெளியிட்ட நில மதிப்பீட்டு முறையின் அடிப்படையும் இதுதான். நல்ல நிலம், கெட்ட நிலம் என்று அது பிரிப்பதில்லை. குறிப்பிட்ட ஒரு பயிருக்கு இந்த நிலம் நன்றாகப் பொருந்துமா, ஓரளவு பொருந்துமா, கஷ்டப்பட்டால் பொருந்துமா, பொருந்தவே பொருந்தாதா என்று கேட்கிறது. மல்லிக்குப் பொருந்தாத சுக்கான்காடு குதிரைவாலிக்கு ஓரளவு பொருந்தலாம். ஒன்பது அம்சம் நன்றாக இருந்து ஓர் அம்சம் முட்டுக்கட்டையாக இருந்தால், தரத்தை முடிவு செய்வது பெரும்பாலும் அந்த ஓர் அம்சம்தான். சராசரி போட்டால் அது கண்ணில் படாது.

மண்ணை மாற்ற முடியாத இடத்தில் பயிரை மாற்றியதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல உதாரணம் உண்டு. திருச்சி நாவலூர் குட்டப்பட்டு வேளாண் கல்லூரி இருப்பது களர் நிலத்தில். அங்கிருந்துதான் களரைத் தாங்கும் டிஆர்ஒய் வகை நெல் ரகங்கள் வந்தன. ஜிப்சம் போட்டுக் களரைத் திருத்துவது ஒருபக்கம் நடக்கட்டும், அதுவரைக்கும் அந்த மண்ணிலேயே விளையும் நெல் வேண்டும் என்று யோசித்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

நீங்களே போடலாம்

உங்கள் நிலத்துக்கு ஒரு மண் வரைபடம் போட லட்சக்கணக்கில் செலவில்லை. நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

அரசு இணையதளத்தில் உங்கள் புல எண்ணுக்கான புல வரைபடத்தை இறக்கி, பெரிதாக அச்செடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் அடித்தாள். கூடவே கூகுள் எர்த்தில் உங்கள் நிலத்தின் கோடைக்காலப் படத்தைத் தேடிப் பாருங்கள். பயிர் இல்லாத சித்திரை, வைகாசியில் எடுத்த படமாக இருந்தால் செவலும் கரிசலும் நிறத்திலேயே பிரிந்து தெரியும்.

அடுத்து, ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் நிலத்தைச் சுற்றி நடங்கள். எங்கே தண்ணீர் நிற்கிறது, எங்கே முதலில் காய்கிறது, எங்கே கால் ஒட்டுகிறது, எங்கே வெள்ளை பூக்கிறது, எங்கே கோரை மண்டியிருக்கிறது என்று தாளில் குறியுங்கள். வீட்டுப் பெரியவர் யாராவது இருந்தால் கூட்டிப் போங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் பழைய பெயர் என்ன என்று கேட்டு எழுதுங்கள். பொட்டல், செவல், கரிசல், களர், உவர், வண்டல், சரளை, சுக்கான் என்று பெயரில் எது வந்தாலும் அதை ஓர் ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு குழி. வேறுபடும் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு குழி, மூன்றடி ஆழம். சுவரைச் சீவிவிட்டு, நிறம் எங்கே மாறுகிறது, கல் எங்கே வருகிறது, பழைய வேர்கள் எதுவரை போயிருக்கின்றன என்று அளந்து எழுதுங்கள். கொஞ்சம் மண்ணை ஈரமாக்கிக் கையில் உருட்டி, விரல்களுக்கு நடுவில் நாடாபோல நசுக்குங்கள். நீளமாக வந்தால் களி, உடனே உடைந்தால் மணல். வெள்ளைக் கல் தெரிந்தால் அதில் நாலு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. ஒரு வினிகர் பாட்டிலுக்கு ஆகும் காசில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது, 1,500 கன்று விலையில் தெரிந்தது.

இப்போது உங்கள் தாளில் இரண்டு அல்லது மூன்று பகுதிகள் கிடைத்திருக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக மண் மாதிரி எடுங்கள். ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. ஒரு பகுதிக்குள் பத்துப் பதினைந்து இடத்தில், மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, 'வி' வடிவில் அரையடி வெட்டி, ஓரத்து மண்ணை மேலிருந்து கீழாக ஒரே அளவு கனத்தில் சீவி எடுங்கள். பருத்தி, கரும்பு போல ஆழம் போகும் பயிர் என்றால் முக்கால் அடி. வரப்பு ஓரம், எருக்குழி, மரநிழல், கிணற்றடி ஆகிய இடங்களை விட்டுவிடுங்கள். உரம் போட்ட சூட்டோடு எடுக்காதீர்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, வட்டமாகப் பரப்பி நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு மீதியைக் கலந்து திரும்பவும் பிரித்து, அரைக்கிலோ வரும்வரை செய்யுங்கள். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டி, அது எந்தப் பகுதி என்று சீட்டு எழுதிப் போடுங்கள். நுண்ணூட்டம் பார்ப்பதானால் இரும்புக் கருவி வேண்டாம், மூங்கில் குச்சியால் சீவுங்கள்.

அரசு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். ஒத்தக்கடையில் யானைமலை அடிவாரத்தில் 1965 முதல் வேளாண் கல்லூரி இருக்கிறது. அங்கே மண்ணைப் படித்தவர்கள் இருக்கிறார்கள். முடிவுத் தாளோடு உங்கள் குழியின் அளவுகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். வெறும் முடிவுத் தாளை நீட்டினால் உரக் கணக்கு கிடைக்கும். குழியின் விவரத்தையும் சேர்த்து நீட்டினால் பயிரைப் பற்றிய பேச்சு தொடங்கும். எனக்கு அப்படித்தான் தொடங்கியது.

முடிவுத் தாள் வந்ததும் கரிமம் என்ற வரியை முதலில் பாருங்கள். 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு, 0.75க்கு மேல் என்றால் நல்லது. நம் வெயிலில் மக்கு சீக்கிரம் எரிந்துபோகும், அதனால் பெரும்பாலும் குறைவு என்றுதான் வரும். எனக்கு 0.38. இது மாற்றக் கூடிய குறை. தக்கைப்பூண்டு, சணப்பு, கொழிஞ்சி விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழலாம். தமிழக அரசின் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் விதைக்கு மானியம் உண்டு. கண்மாய் வண்டலை அள்ளிப் போடலாம். வண்டல் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று 2024இல் எளிமையாக்கியிருக்கிறார்கள். ஆனால் வண்டலை எங்கே போடுவது என்பதற்கும் வரைபடம் வேண்டும். தண்ணீர் நிற்காத செவலில் போட்டால் அது மருந்து. ஏற்கெனவே களியாக இருக்கும் கரிசலில் போட்டால் டிராக்டர் வாடகைதான் மிச்சம்.

ஊருக்கு ஒரு தாள்

என் நிலத்துக்கு நான் போட்ட படம் இப்போது வீட்டுச் சுவரில் இருக்கிறது. 1 ஏக்கர் 40 செண்ட் செவல், 2 ஏக்கர் ஆழக் கரிசல், 85 செண்ட் சுக்கான். மல்லி திரும்ப வந்துவிட்டது, கிணற்றுமேட்டுச் செவலில் 40 செண்ட். மீதிச் செவலில் கடலை. கரிசலில் பருத்தியும் உளுந்தும் மாறி மாறி. சுக்கான்காட்டில் மழையோடு விதைத்து மழையோடு முடிகிற, வேர் ஆழம் கேட்காத குதிரைவாலி. அதில் பெரிய வரும்படி இல்லை. ஆனால் நஷ்டமும் இல்லை, மாதாமாதம் மருந்து தெளிக்கிற வேலையும் இல்லை.

இது ஒரு வீட்டுக் கதையாக நின்றுவிடக் கூடாது என்பதுதான் என் ஆசை. ஒரு கண்மாயின் ஆயக்கட்டில் இருக்கும் ஐம்பது பேரும் இப்படி ஆளுக்கொரு தாள் போட்டால், சேர்த்து ஒட்டினால் ஊரின் மண் படம் வந்துவிடும். மடைக்குப் பக்கம் களி எங்கே, கடைமடையில் மணல் எங்கே என்று தெரிந்தால், தண்ணீர் குறைந்த வருடத்தில் எந்த வயலுக்கு நெல், எந்த வயலுக்கு உளுந்து என்று கூடி உட்கார்ந்து பேச முடியும். ஊராட்சி மன்றச் சுவரில் வாக்காளர் பட்டியல் ஒட்டுகிறோம். அதன் பக்கத்தில் ஊரின் மண் படம் ஒன்று ஒட்டக்கூடாதா? கிராம சபையில் இதை ஒரு தீர்மானமாகக் கேளுங்கள். வேளாண்மைத் துறை அலுவலர் ஊருக்கு வரும்போது, மாதிரியை நிலம்தோறும் தனியாக எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இந்த வேலையை அவசரப்படுத்துவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் பெரியப்பாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. சுற்று வட்டாரத்தில் ஒவ்வொரு புஞ்சைக்கும் பழைய பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் இப்போது விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். அவர்கள் போய்விட்டால், புல எண் மட்டும் மிஞ்சும். 1,500 கன்று நட்ட பிறகு தெரிந்துகொள்ளும் நிலைமை உங்கள் பிள்ளைகளுக்கு வரும்.

அறுவடை முடிந்து நிலம் சும்மா கிடக்கும் இந்தச் சித்திரையில் ஒருநாள் ஊருக்குப் போங்கள். ஒரு பெரியவரைக் கூட்டிக்கொள்ளுங்கள், ஒரு கடப்பாரையும் ஒரு தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றடி தோண்டிப் பாருங்கள். என்ன போடலாம் என்று அதற்குப் பிறகு என்னைக் கேளுங்கள்.